இரண்டரை மணித்தியாலத்தில் எழும்பியவர்

நல்லதம்பி ஐயாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டுதான் அமீன் காக்கா அதைச் சொன்னார். முதல் ஊசி இறங்கியிருந்தது. இரண்டாவது ஊசி அவர் விரல்களுக்கிடையில் இருந்தது.

"கண்ட கண்ட சாராயத்தையும் குடிச்சி கிட்னிய அவிச்சிப்போட்டு வந்துருவானுகள். மெஷின் நம்மட ஆக்கள்ட சல்லியில வந்தது. வந்து படுக்கிறது இவனுகள். இந்தத் தமிழனுகளுக்குக் கழுவிக் கழுவியே நம்மட காலம் போவுது தங்கச்சி."

சொன்னது எனக்கு, அவரைப் போலவே முஸ்லிமான எனக்கு. கை மட்டும் ஐயாவுடையது. பேசி முடிப்பதற்குள் இரண்டாவது ஊசியும் இறங்கி, குழாயில் இரத்தம் ஏறத் தொடங்கிவிட்டது. ஒரு துளி வெளியே சிந்தவில்லை.

ஐயா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். காது கேட்காத மனிதரில்லை. இயந்திரம் விட்டுவிட்டுக் கத்தினால் எங்களுக்கு முன்பே "மகள், அங்கால கூப்பிடுது" என்று சொல்பவர்.

நான் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டுவிட்டு அமீன் காக்காவைப் பற்றி மட்டும் எழுதினால் நான் பொய்க்காரி. பெரிய சிரிப்பில்லை. வேலைத்தலத்தில் மூத்தவர் பகிடி விட்டால் இளையவர்கள் மரியாதைக்குக் காட்டும் பல். அந்தப் பல்லை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறையலாம் போலிருக்கிறது.

நோகாத ஊசி

ஊரார் 'ரத்தம் கழுவுற இடம்' என்று சொல்லும் பிரிவில்தான் அப்போது எனக்கு வேலை. ஆறு கட்டில், ஆறு இயந்திரம். சிறுநீரகம் கைவிட்டவர்கள் கிழமைக்கு இரண்டு நாள் வருவார்கள். வருகிற ஒவ்வொரு தடவையும் நான்கு மணித்தியாலம் படுத்திருக்க வேண்டும். ஒரு ஊசி வழியாக இரத்தம் வெளியே போகும், மற்ற ஊசி வழியாகச் சுத்தமாகி, உடம்பில் சேர்ந்த தண்ணீரும் நீங்கி உள்ளே வரும். அறை முழுக்க இயந்திரம் கழுவும் வினாகிரி வாசம். ஏசிக் குளிருக்குப் பயந்து எல்லோரும் வீட்டிலிருந்து போர்வை கொண்டுவருவார்கள்.

அந்த ஊசியைக் காய்ச்சலுக்குப் போடும் ஊசியென்று நினைத்துவிடாதீர்கள். நல்ல தடிப்பு. இதற்கென்றே சத்திரசிகிச்சை செய்து கையில் ஒரு நாளத்தைப் பெருக்க வைத்திருப்பார்கள். அதில் சரியான சரிவில் இறக்க வேண்டும். கொஞ்சம் தப்பினால் இரத்தம் தோலுக்குள் கசிந்து கை வீங்கிவிடும். அடிக்கடி தப்பினால் அந்த நாளமே கெட்டுப்போகும். அதன் பிறகு கழுத்தில் குழாய் போட வேண்டும். கழுத்துக் குழாயோடு வருகிறவர்களைக் கண்டால் மற்ற நோயாளிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அவ்வளவு பயம்.

அமீன் காக்கா என்னைவிடப் பதினைந்து வருடம் மூத்த தாதி உத்தியோகத்தர். அண்ணன் முறையில் உள்ளவரை நாங்கள் காக்கா என்போம். அவர் கை தப்பி நான் கண்டதில்லை. நோயாளிகள் கட்டிலில் ஏறியதும் முதலில் கேட்பது "இண்டைக்கு அமீன் சேர் இரிக்காரா?" என்பதைத்தான்.

அவரைக் கெட்ட மனிதர் என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் எனக்கு வேலை லேசு. வெள்ளம் வந்து மாவடிப்பள்ளிப் பாதையால் ஒருவரும் வர முடியாத நாட்களில், உழவு இயந்திரம் பிடித்து நோயாளிகளை ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர். ஏற்றும்போது யார் எந்த ஆள் என்று பார்க்கவில்லை. அதே மனிதரின் வாய்தான் இதையும் சொன்னது. எனக்கு ஆத்திரம் இரண்டு மடங்காவதும் அதனால்தான்.

இயந்திரங்கள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆறில் இரண்டு எங்கள் ஊர் முஸ்லிம் வியாபாரிகள் வாங்கிக் கொடுத்தவை. மேலே பித்தளைத் தகட்டில் 'அன்பளிப்பு' என்று எழுதியிருக்கும். கொடுத்தவர்கள் யாருக்கென்று கேட்டுக் கொடுக்கவில்லை. அந்தத் தகட்டை வைத்து நோயாளியின் தலைக்கு மேல் வேலி அடித்தது அமீன் காக்கா.

நல்லதம்பி ஐயா தம்பிலுவில் என்ற தமிழ் ஊர்க்காரர். சீனி வருத்தத்தில் சிறுநீரகம் போனவர். சாராயத்தைத் தொட்டதேயில்லை. கண்ணகி அம்மன் சடங்கு வந்தால் விரதத்தோடு கோயிலே கதியென்று கிடப்பார் என்று மகள் வசந்தி சொல்லியிருக்கிறாள். அவள்தான் ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் கூட்டிவந்து, நான்கு மணித்தியாலமும் வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்பாள்.

எனக்கும் நடந்ததுதான்

போன கிழமை இந்தப் பத்தியில், தூரத்துச் சிங்கள ஊரில் கிடைத்த என் முதல் நியமனத்தைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த ஒரு வாசகி, 'ஊருக்கு மாற்றலாகி வந்த பிறகு நிம்மதியாக இருந்திருப்பீர்கள்' என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தால்தான் இந்தக் கதையை எடுத்தேன். இல்லையென்றால் விழுங்கியிருப்பேன்.

அங்கே வேலை செய்தபோது, முஸ்லிம் கடைச் சாப்பாட்டில் பிள்ளை பிறக்காமலிருக்க மாத்திரை கலக்கிறார்கள் என்று ஒரு கதை கிளம்பியது. அந்தக் காலத்தில் ஒரு பெருநாளுக்கு நான் வட்டிலப்பம் அவித்துக் கொண்டுபோனேன். என்னோடு ஒரே மேசையில் தினமும் சாப்பிட்ட ஒருத்தி கரண்டியில் எடுத்து, மோந்து பார்த்து, "இதுக்குள்ள ஒண்டும் போடலத்தானே?" என்று சிங்களத்தில் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் பகிடிதான் என்றாள். ஒருவரும் சாப்பிடவில்லை. அப்படியே மூடிக்கொண்டு வந்து விடுதிக் குப்பைத்தொட்டியில் கொட்டினேன்.

ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது, எல்லோரையும்விடக் கொதித்தவர் யார் தெரியுமா? அமீன் காக்கா. "ஏன் தங்கச்சி சும்மா வந்தீங்க? பெட்டிசம் எழுதிருக்கணும். அங்க நிண்டு சிரிச்சவளுகள் ஒவ்வொருத்தியையும் கேட்டிருக்கணும்" என்று மேசையில் அடித்தார். அவர் கண் கலங்கியதையும் பார்த்தேன்.

எனக்கு அன்று வலித்தது அவள் கேட்ட கேள்வியைவிடச் சுற்றியிருந்தவர்களின் சிரிப்புத்தான். அதை அனுபவித்து வந்தவள்தான் ஐயாவின் கட்டிலருகே நின்று பல்லைக் காட்டினேன்.

பத்திரங்கள்

மழை தொடங்கிய ஒரு கிழமை ஐயாவை மூச்சுத்திணறலோடு தூக்கி வந்தார்கள். கால் இரண்டும் வீங்கி, வார்த்தை துண்டு துண்டாக வந்தது. உடம்பில் தண்ணீர் சேர்ந்துவிட்டது. மகள் வசந்தியைப் பிடித்து டொக்டர் ஏசினார்.

"கண்டபடி தண்ணி குடுக்கீங்களா?"

"இல்ல சேர், கிளாசால அளந்துதான் குடுக்கன். சத்தியமா."

பழைய பத்திரங்களை எடுத்துவரச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் எத்தனை மணிக்கு ஏற்றினோம், எத்தனை மணிக்குக் கழற்றினோம், பொறுப்பாக யார் நின்றது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். நான் மேசையில் வைத்து ஒழுங்குபடுத்தினேன். நான்கு மணித்தியாலம். நான்கு மணித்தியாலம். இரண்டரை. நான்கு. இரண்டரை. 'நோயாளியின் வேண்டுகோளின்படி முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.' கீழே ஐயாவின் நடுங்கிய கையொப்பம்.

இரண்டரையில் நின்ற ஒவ்வொரு பத்திரத்திலும் பொறுப்பு நின்றவர் அமீன் காக்கா. நானோ மற்றவர்களோ நின்ற நாளெல்லாம் முழு நேரம். தற்செயலாக இருக்கும் என்று திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். ஒன்றுகூட மாறவில்லை.

மூன்றாம் நாள் மூச்சு சீரானதும் வாட்டுக்குப் போய் ஐயாவிடம் கேட்டேன்.

"ஏன் ஐயா நேரத்தோட கழட்டச் சொல்லுறீங்க?"

"முதுகு நோகுது மகள்."

"அமீன் காக்கா நிக்கிற நாளைல மட்டுமா முதுகு நோகுது?"

அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்தார். போய்விடலாம் என்று நான் திரும்பும்போதுதான் சொன்னார்.

"ரெண்டு, ரெண்டர மணித்தியாலம் கேட்டுக்கிட்டுக் கிடக்கலாம் மகள். அதுக்கு மேல ஏலாமக் கிடக்கு."

ரோட்டில் ஒருவன் ஏசினால் விலகிப் போகலாம். கடையில் ஏசினால் அடுத்த கடை இருக்கிறது. கையில் இரண்டு ஊசியோடு, உடம்பின் இரத்தம் வெளியே ஓடிக்கொண்டிருக்கும்போது மனிதர் எங்கே போவார்? தன் ஆயுளிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்தை வெட்டிக் கொடுத்துவிட்டு எழும்பிப் போயிருக்கிறார். நாங்களோ அதற்கும் கையொப்பம் வாங்கிப் பத்திரமாக அடுக்கி வைத்திருக்கிறோம்.

தேத்தண்ணி அறை

அமீன் காக்கா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். பத்திரங்களை அவர் முன்னால் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். குரல் உயர்ந்ததா என்று கேட்டால், ஓம், உயர்ந்தது.

"சும்மா பகிடிக்குக் கதைக்கிறதுதானே தங்கச்சி. இதப் போய்ப் பெருசாக்கிறீங்க."

"அந்தாள் குடிக்கிறதே இல்ல காக்கா!"

சொன்ன மறு நிமிடமே என் மேல் எனக்கு எரிச்சல் வந்தது. குடித்திருந்தால் மட்டும்? குடித்துச் சிறுநீரகம் கெட்ட எங்கள் ஆட்களும் அதே கட்டிலில் படுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அமீன் காக்கா 'பாவம், ஷைத்தான் கெடுத்துட்டான்' என்று தலை தடவி ஊசி போடுவார்.

அவர் கோப்பையை வைத்தார். முகம் மாறி, கண் கலங்கியது.

"எங்கட சாச்சா வயலுக்குப் போனவர். மையித்துக் கூட வரல்ல. அது யார் செஞ்சது? உங்களுக்கும் அங்க செஞ்சானுகள்தானே? எல்லாம் மறந்து போச்சா?"

அந்தச் சாச்சாவை, அவர் வாப்பாவின் தம்பியை, எனக்குத் தெரியாது. ஆனால் யுத்த காலத்தில் அப்படிப் போய்ப் பிரேதம்கூடத் திரும்பாத சாச்சாக்கள் எங்கள் தெருவிலும் உண்டு. தம்பிலுவில் பக்கமும் போனவர்கள் திரும்பாத வீடுகள் உண்டு. அந்தக் கண்ணீரை நான் பொய்யென்று சொல்ல மாட்டேன்.

"உங்கட சாச்சாவ நல்லதம்பி ஐயாவா கொண்டுபோனாரு? எனக்குச் செஞ்சது சிங்களத்தி. அதுக்கும் இவரா சாட்டு? செஞ்சவன்ட முன்னுக்குப் போய்க் கேக்க ஏலாம, ஊசியோட கிடக்கிற மனிசனப் புடிச்சிருக்கீங்க!"

"வாயப் பாத்துக் கதைங்க."

"நீங்க பாத்துக் கதைச்சிருந்தா அந்தாளுக்கு இந்தக் கெதி வந்திராது."

அவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் வெளியே போனார்.

நம்மட ஆள்

அன்றைக்கே ஒரு பக்கத்தில் முறைப்பாடு எழுதி, பிரிவுக்குப் பொறுப்பான சிஸ்டரிடம் கொடுத்தேன். நான் சிரித்ததையும் எழுதினேன். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது இனப் பிரச்சினையாப் போயிரும் மகள். நான் சொல்லி வைக்கன், இதக் கிழிச்சிருங்க" என்றார். இனப் பிரச்சினையாகப் போய்த்தானே ஒரு மனிதர் மூச்சுத்திணறி வந்தார்! கிழிக்க மாட்டேன் என்றேன்.

கடிதம் மேலே போனது. செய்தி அதைவிட வேகமாக ஊருக்குப் போனது. அஸர் தொழுகை முடிந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் அமீன் காக்காவின் மச்சான், மற்றவர் எங்கள் தெருக்காரர். முன் அறையில் என் கணவரோடு பேசினார்கள், எனக்குக் கேட்கும்படி.

"நம்மட ஆள்ட வயித்துல அடிக்கலாமா மாஸ்டர்? பிழையெண்டா உள்ளுக்குள்ள பேசித் தீக்கலாம். தமிழாக்கள்ட கையில எழுத்தக் குடுத்தா நாளைக்கு அவனுகள் நம்மள வச்சிச் சிரிப்பானுகள்."

என் கணவர் பள்ளிக்கூட ஆசிரியர், சண்டை சச்சரவு என்றால் ஒதுங்கிப் போகிற மனிதர். "அவ எழுதினது பொய்யெண்டா சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அவர் அன்று சொன்ன அந்த ஒரு வசனத்துக்காக, அதற்கு முன்னும் பின்னும் அவர் செய்த எத்தனையோ பிழைகளை மன்னித்திருக்கிறேன்.

இந்த 'உள்ளுக்குள்ள' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளியே ஒருவன் நம்மைச் சொன்னால் கடை அடைப்பு, கறுப்புக் கொடி. நம்மாள் மற்றவனைச் சொன்னால் உள்ளுக்குள்ள. அந்த உள்ளுக்குள்ள நல்லதம்பி ஐயாவுக்கு இடமிருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

விசாரணை

ஆஸ்பத்திரி அத்தியட்சகரின் அறையில் விசாரணை நடந்தது. மூன்று அதிகாரிகள், அமீன் காக்கா, நான். ஐயாவைச் சக்கர நாற்காலியில் வசந்தி தள்ளி வந்தாள். என் கடிதத்தை வாசித்தார்கள். பத்திரங்களைப் பார்த்தார்கள். பிறகு ஐயாவைக் கேட்டார்கள்.

"உங்களுக்கு முன்னால இப்பிடிக் கதைச்சாரா?"

ஐயா தரையைப் பார்த்தார்.

"அப்பிடியொண்டும் எனக்கு ஞாபகமில்ல ஐயா. அமீன் தம்பி நல்லா ஊசி போடுவாரு."

"அப்ப ஏன் நேரத்தோட எழும்பிப் போனீங்க?"

"முதுகு நோகும் ஐயா."

ஒரு அதிகாரி என் கடிதத்தை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். 'புரிந்துகொள்ளலில் ஏற்பட்ட தவறு' என்று எழுதுவதாகச் சொன்னார். பிளேன்டீயும் பிஸ்கட்டும் வந்தன. எங்கள் இருவரையும் பார்த்து, "ஒரே ஊர் ஆக்கள், ஸலாம் சொல்லிட்டுப் போங்க" என்றார். அமீன் காக்கா சிரித்த முகத்தோடு ஸலாம் சொன்னார். பதில் ஸலாம் கடமை, சொன்னேன். பிஸ்கட்டைத் தொடவில்லை.

ஐயா மீதும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். தாழ்வாரத்தில் வசந்தியை மறித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"கோவிக்காதீங்க மிஸி. அமீன் சேர் வேணுமெண்டு கைய வீங்க வச்சா நாங்க எங்க போற? கழுத்துல குழாய் போட்டவங்கள அப்பா பாத்திருக்காரு. அந்தப் பயம்."

அமீன் காக்கா வேண்டுமென்று ஊசியைத் தப்ப விடுவாரா? மாட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் கட்டிலில் கிடக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? அந்த வாயைக் கேட்டவர் அந்தக் கையை எதை வைத்து நம்புவார்?

வியாழக்கிழமை

விசாரணை முடிந்து இரண்டு நாள் கழித்து ஐயாவின் முறை வந்தது. அமீன் காக்காவும் நானும் ஒரே நேரம் டியூட்டி. அவர் எதுவும் நடக்காததுபோலத் தட்டை எடுத்துக்கொண்டு ஐயாவின் கட்டிலுக்குப் போனார்.

"எங்க நல்லதம்பி, கையத் தாங்க."

ஐயா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"நீங்க வேணா தம்பி. அந்த மகள் போடட்டும்."

ஆறு கட்டிலும் திரும்பிப் பார்த்தன. அமீன் காக்கா சிரித்தார். "அவ போட்டா நோகும், பிறகு என்னச் சொல்லப்படாது" என்றார். ஐயா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயம். ஐயாவின் கை லேசான கையில்லை. நாளம் ஆழத்தில், மேலே எல்லாம் பழைய தழும்பு. முதல் ஊசி எப்படியோ இறங்கியது. இரண்டாவது தப்பியது. கண்ணுக்கு முன்னால் தோல் புடைத்து நீலமாகத் தொடங்கியது. இழுத்தெடுத்து, துணி வைத்து அழுத்திப் பிடித்தேன். இரண்டாவது தடவையும் தப்பினால் மூத்தவரிடம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவின் ஒழுங்கு. அமீன் காக்கா கையுறையைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

"தள்ளுங்க தங்கச்சி, நான் பாக்கன்."

தள்ளிவிடத்தான் நினைத்தேன். "ஐயா, அவரே போடட்டும். எனக்குத் தப்பினா கை கெட்டுப்போயிரும்" என்று கெஞ்சினேன். அழுகை வந்துவிட்டது. என் கை பிழைத்ததற்கு ஒரு அழுகை. இந்த மனிதரை இந்த நிலையில் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் மேலெல்லாம் வந்த ஆத்திரத்துக்கு மிச்ச அழுகை.

ஐயா வீங்கிய கையை எடுக்காமல் அப்படியே நீட்டி வைத்திருந்தார்.

"நோகட்டும் மகள். நீங்க போடுங்க."

வீக்கத்துக்கு மேலே, இன்னொரு இடத்தில் விரலை வைத்து, துடிப்பைத் தேடிப் பிடித்து இறக்கினேன். குழாயில் இரத்தம் ஏறியது. அமீன் காக்கா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு மற்றப் பக்கம் போனார். அதன் பிறகு அவர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. வெட்கத்திலா, கோபத்திலா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அவர் இன்றும் அங்கேதான் வேலை செய்கிறார். 'புரிந்துகொள்ளலில் ஏற்பட்ட தவறு' இன்றும் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது.

இரண்டரை மணித்தியாலம் ஆனது. ஐயாவின் முழங்கைக்குக் கீழே எல்லாம் கறுத்துக் கன்றிப் போயிருந்தது. வலிக்கும் என்று எனக்குத் தெரியும். பத்திரத்தை எடுத்துக்கொண்டு அருகில் போனேன்.

"கழட்டவா ஐயா?"

"என்னத்துக்கு மகள்? இன்னும் நேரம் கிடக்கே."